பன்னிரண்டு நோட்டுகளுக்கு அட்டை போட்டவள்

செய்தி என் போனுக்கு வரவில்லை. செல்வியின் போனுக்கு வந்தது. காலை பதினொன்றே கால் இருக்கும். அம்பத்தூர் ஓ.டி.யில் எங்கள் யூனிட் நடக்கிற மாடியறையில் ஆறு பேர் உட்கார்ந்து ஒரு பள்ளியின் ஆண்டுவிழாவுக்குத் துணி வெட்டிக்கொண்டிருந்தோம். போனைக் காதில் வைத்த செல்வி "ஆங்... ஆங்..." என்று இரண்டு தடவை சொன்னாள். பிறகு கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா நம்மள உட்டுட்டுப் பூடுச்சு" என்றாள். எந்த அக்கா என்று யாரும் கேட்கவில்லை. ஹேமலதா நான்கு மாதமாகப் படுத்த படுக்கை. கணையத்தில் புற்று. வரப்போகிற செய்திதான் என்று எல்லோருக்கும் தெரியும். 

அவள் கணவர் ரவி என்னைக் கூப்பிடாமல் செல்வியைக் கூப்பிட்டதற்குக் காரணம் பிறகு தெரிந்தது. "விஜிகிட்ட சொன்னா அவ அழுவா, அவளப் பாத்து மத்தவங்களும் அழுவாங்க. செல்விகிட்ட சொல்லுங்க, அவ ஆட்டோ புடிச்சு எல்லாரையும் கூட்டிட்டு வந்துடுவா" என்று ஹேமாவே முன்கூட்டிச் சொல்லி வைத்திருந்தாளாம். தன் சாவுச் செய்தி யாருக்கு முதலில் போக வேண்டும் என்று ஏற்பாடு பண்ணிவிட்டுப் போன மகராசி. அவள் சொன்னபடியே நடந்தது. செல்வி கீழே இறங்கி இரண்டு ஆட்டோ பிடித்தாள், தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டாள், என்னைக் கையைப் பிடித்து ஏற்றினாள்.

பதினாறாம் நாள் காரியத்தன்று படிக்க ஒரு பக்கம் எழுதித் தா என்று நீங்கள் கேட்டீர்கள். யூனிட்டில் வேலை செய்கிறவர்கள், பழைய ஆபீஸ் தோழிகள், நோட்டுப் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு எங்கள் மாடிப்படி ஏறி இறங்கிய தாய்மார்கள், எல்லோரும்தான் கேட்டீர்கள். "உனக்குத்தான் நல்லா எழுத வரும்" என்றீர்கள். வரும். அதில்தான் வம்பே ஆரம்பித்தது. ஹேமாவைப் பற்றி நான் எழுதுவது இது முதல் முறை இல்லை. பதினோரு வருடத்துக்கு முன்னால் அவளைப் பற்றி மூன்று வரி எழுதினேன். அந்த மூன்று வரியால்தான் அவள் வேலையை விட்டாள். உங்களில் ஒருவருக்கும் இது தெரியாது. தெரியாமலே இத்தனை வருடம் என்னை "விஜி மேடம்" என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள். இதைச் சொல்லாமல் அவளைப் புகழ்ந்து எழுத என்னால் முடியும். ஆனால் அது யோக்கியமான காரியமாக இருக்காது.

அப்போது நாங்கள் இருவரும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தோம். நான் டீம் லீட். அவள் என் டீமில் பதினாலு பேரில் ஒருத்தி. எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. நான் கொரட்டூர்க்காரி. அவள் ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பா விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பாதுகாப்புத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். அதனால் அவள் பேச்சில் பாதி தெற்கத்தித் தமிழும் பாதி மெட்ராஸும் கலந்து கிடக்கும். வேலையில் கெட்டி. அவள் பார்த்து அனுப்பியதை இன்னொருவர் திருப்பிப் பார்க்கத் தேவையில்லை. ஐந்தரை ஆனால் மட்டும் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். ஒன்றாம் வகுப்பில் இருந்த மகள் பிரியாவை டியூஷன் வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தால் ஆபீஸ் போகிற அம்மாக்களுக்கு என்ன கதி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பிள்ளைக்கு இருபது, இருபத்தைந்து நோட்டு. எல்லாவற்றுக்கும் பிரவுன் அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, திங்கட்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். அந்த வருடம் ஹேமா இரண்டு கட்டைப்பை நிறைய நோட்டுகளை ஆபீசுக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீன் மேஜையில் பரப்பி மடிக்க ஆரம்பித்தாள். ஸ்டேப்ளர் கிடையாது, செலோடேப் கிடையாது. "பின்னு புள்ளைங்க கையக் கிழிக்கும், டேப்பு ஆவணி வரைக்கும்கூடத் தாங்காது" என்பாள். மேலும் கீழும் ஒரு மடிப்பு, மூலையில் ஒரு சொருகல், அவ்வளவுதான். வருடம் முழுக்க அசையாது. சுற்றி நின்று கிண்டல் பண்ணியவர்கள் எல்லாம் மறுநாள் தங்கள் வீட்டு நோட்டுகளோடு வந்து நின்றார்கள். நானும் நின்றேன். என் மகன் மூன்றாம் வகுப்பு. பன்னிரண்டு நோட்டு மிச்சம் இருந்தது. "வெச்சிட்டுப் போ, ஒன்றரை மணி மீட்டிங்குக்குள்ள முடிச்சிடறேன்" என்றாள்.

ஒன்றரை மணிக்கு வெளிநாட்டு வாடிக்கையாளரோடு போனில் கூட்டம். ஹேமா பத்து நிமிடம் தாமதமாக வந்தாள். என் மேஜைக்கடியில் பன்னிரண்டு நோட்டுகளையும் அடுக்கி வைத்துவிட்டுத்தான் வந்து உட்கார்ந்தாள். அன்று போனில் கேட்ட கேள்விக்கு அவள் இல்லாததால் நான் திணறினேன். மேலாளர் முகம் சுளித்தார்.

அடுத்த மாதம் ஆண்டு மதிப்பீடு. ஒரு டீமில் எல்லோருமே நன்றாக வேலை செய்தாலும் ஒருவரைக் கடைசிப் படியில் நிறுத்தியே ஆக வேண்டும் என்பது அங்கே விதி. "யாரு?" என்று மேலாளர் கேட்டார். நான் ஹேமாவின் பெயரைச் சொன்னேன். "காரணம் எழுதிக் குடுங்க" என்றார். எழுதினேன். வேலை நேரத்தில் சொந்த வேலை பார்க்கிறார். பொறுப்புகளில் ஈடுபாடு போதவில்லை. குடும்பச் சூழல் பணியைப் பாதிக்கிறது. இந்த மூன்று வரிதான். எழுதும்போது என் மகன் அவன் நோட்டுகளைப் பையில் போட்டுப் பள்ளிக்குத் தூக்கிக்கொண்டு போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. அதையும் நினைத்துக்கொண்டேதான் எழுதினேன். மறதி என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

ஹேமாவிடம் அதை மேலாளர் படித்துக் காட்டினார். அவரே எழுதியது என்று அவள் நினைத்துக்கொண்டாள். கேன்டீனில் என் எதிரே உட்கார்ந்து, "அந்தாளுக்குப் பொண்டாட்டி புள்ள இல்லியா விஜி?" என்று கேட்டாள். கண்ணில் தண்ணீர் இல்லை, ஆத்திரம் மட்டும்தான். "விடு ஹேமா" என்றேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுக்கவில்லை, சாப்பாடு இறங்கியது. அதுதான் எனக்கு இன்றைக்கும் அவமானம். அக்டோபரில் அவள் ராஜினாமா கொடுத்துவிட்டுப் போனாள்.

போனவள் வீட்டிலேயே அட்டை போடும் தொழிலை ஆரம்பித்தாள். ஆவடிக்காரர்கள் சிரித்தார்கள். என்ஜினீயரிங் படித்துவிட்டு நோட்டுக்கு அட்டை போடுகிறாளே என்று சொந்தக்காரர்கள் ரவியிடம் துக்கம் விசாரித்தார்கள். அவள் அசரவில்லை. ஜூனில் அட்டை. மற்ற மாதங்களில் சீருடையில் பெயர் தைப்பது, மாறுவேடப் போட்டிக்கு உடை, ஆண்டுவிழா அலங்காரம். பள்ளிக்கூடம் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பும், வேலைக்குப் போகிற அம்மா பார்த்துத் தலையில் கை வைப்பாள், அந்த வேலைகள் அத்தனையும் ஹேமாவிடம் வந்தன. "நாளைக்கு என் புள்ள கத்திரிக்காயா வரணுமாம் மேடம்" என்று அழாத குறையாக நின்றவர்களை எனக்கே தெரியும்.

இரண்டு வருடம் கழித்து என் மாமியார் கீழே விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. இரண்டாவது பிள்ளைக்கு ஒன்றரை வயது. ஐந்தரைக்குக் கிளம்பலாமா என்று நான் என் மேலாளரிடம் கேட்டேன். அவர் பார்த்த பார்வையை நான் முன்பே பார்த்திருக்கிறேன், கண்ணாடியில். அந்த மாதமே வேலையை விட்டேன். நேராக ஹேமாவிடம் போய் நின்றேன். வேறு யார் என்னைச் சேர்த்துக்கொள்வார்கள்? "வா. ஆனா சூப்பர்வைசர் வேல இங்க இல்ல. ஒரு சீசன் முழுக்க உக்காந்து மடி, அப்புறம் பாக்கலாம்" என்றாள். மடித்தேன். முதல் வாரம் என் மூலை எல்லாம் பிதுங்கிக்கொண்டு நின்றது.

ஹேமாவும் தெய்வப் பிறவி ஒன்றுமில்லை. கம்பெனியை விட்டு வந்தாளே தவிர கம்பெனி அவளை விடவில்லை. காலை பத்து மணிக்கு எல்லோரையும் வட்டமாக நிற்க வைத்து, நேற்று என்ன முடித்தாய், இன்று என்ன செய்யப் போகிறாய், தடை என்ன என்று ஒவ்வொருவரையும் கேட்பாள். வேப்பம்பட்டிலிருந்து ரயிலேறி வருகிற செல்வி மூன்று நாள் பொறுத்துப் பார்த்தாள். நாலாம் நாள், "இன்னாக்கா, நின்னுகினேதான் பேசணுமா? காலு நோவுது. குந்திகினு பேசுனா கம்பெனி கவுந்துடுமா?" என்றாள். ஹேமா வாய்விட்டுச் சிரித்தாள். அன்று மதியமே கோரைப்பாய் வந்தது. பிறகு அந்தக் கூட்டத்தை நடத்தியதே செல்விதான். தடை என்ன என்ற கேள்விக்கு அவள் எப்போதும் ஒரே பதில் சொல்வாள்: "எங்க ஊட்டுக்காரு."

ஒரே ஒரு விதியை மட்டும் ஹேமா யாருக்காகவும் தளர்த்தவில்லை. மதியம் இரண்டரைக்கு யூனிட் மூடிவிடும். மூன்று மணிக்குப் பள்ளி விடுகிறது, அதனால். பெண்கள் சங்கம் ஒன்று அவளை மேடையேற்றி, குடும்பத்தையும் தொழிலையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று பேசச் சொன்னது. மைக்கைப் பிடித்து, "சமாளிக்கல. ரெண்டரைக்கு மூடிடறேன்" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டாள். பொன்னாடையோடு நின்ற அம்மாள் கை தட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் விழித்தார். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று யாரோ அவளை மெச்சியபோது, "அதெல்லாம் தானா வளராது. நாமதான் மூணு மணிக்குப் போய் கூட்டிட்டு வரணும்" என்றாள்.

அந்த விதிக்கு அவள் கொடுத்த விலையும் எனக்குத் தெரியும், ஏனென்றால் நஷ்டத்துக்குக் காரணம் நான்தான். பூந்தமல்லி பக்கம் ஒரு பள்ளி, ஐந்து வகுப்புகளுக்கும் அட்டை போட ஆர்டர் கொடுத்தது. நாங்கள் பிடித்த முதல் பெரிய ஆர்டர். லேபிள் அச்சடிக்கும் பொறுப்பு எனக்கு. பதினைந்து வருடம் கம்ப்யூட்டரில் குப்பை கொட்டியவள், எக்செல்லில் பெயர் வரிசையை மட்டும் அகர வரிசைப்படி அடுக்கிவிட்டு வகுப்பு வரிசையை அப்படியே விட்டுவிட்டேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறொரு பிள்ளையின் வகுப்பு. பாதிக்கு மேல் ஒட்டியாகிவிட்டது. படிப்பு எட்டாம் வகுப்போடு நின்ற செல்விதான் கண்டுபிடித்தாள். "அக்கா, எங்க அண்ணன் புள்ள இந்த ஸ்கூலுதான். அவன் ரெண்டாவது. இங்க நாலாவதுன்னு போட்டுகீது?"

மறுநாள் காலை ஒப்படைக்க வேண்டும். மணி ஒன்றரை. இருட்டும் வரை இருந்தால் முடித்துவிடலாம் என்று நான் சொன்னேன். மற்றவர்களும் சரி என்றார்கள். ஹேமா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு பள்ளிக்குப் போன் போட்டு, தப்பு எங்களுடையது, இன்னும் இரண்டு நாள் வேண்டும் என்றாள். அவர்கள் பாதி ஆர்டரைப் பிடுங்கி வேறொருவருக்குக் கொடுத்தார்கள். போனை வைத்துவிட்டு என்னிடம் வந்து, "யாரு பண்ணதுன்னு நான் கேக்க மாட்டேன். எப்ப சரியாவும்னு மட்டும் சொல்லு" என்றாள். யார் செய்தது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். லேபிள் வேலைக்கு இன்னொரு ஆளே கிடையாது. அன்றே சொல்லியிருக்க வேண்டும், அந்த மூன்று வரியை எழுதியவள் நான் என்று. வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன். அதற்கப்புறம் ஏழு வருடம் தினமும் அவளோடு டீ குடித்தேன்.

நோய் வந்து இரண்டாவது மாதம் ஒரு மதியம் அவள் வீட்டுக்குப் போனேன். பிரியா பள்ளிக்குப் போயிருந்தாள், ரவி மருந்து வாங்கப் போயிருந்தார். தலையணையில் சாய்ந்துகொண்டு மாறுவேட உடைகளின் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே சொன்னேன். மேலாளர் எழுதவில்லை, நான்தான் எழுதினேன் என்று. அவள் பட்டியலைக் கீழே வைத்தாள்.

"அன்னிக்கு நா மடிச்சதுல உன் பையனோடது எத்தன?"

"பன்னெண்டு."

"எழுதும்போது அது ஞாபகம் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "நா அந்தாள எத்தன வருசம் சபிச்சிருக்கேன் தெரியுமா? நீயும் பக்கத்துல உக்காந்து தலையாட்டுன" என்றாள். பிறகு, "இப்பப் போ" என்றாள். நான் போய்விட்டேன்.

ஒன்பது நாள் பேசவில்லை. போனை எடுக்கவில்லை. செல்வியைக் கூப்பிட்டு வேலை சொல்வாள், என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். இப்படியே போய்விடுவாள் என்று நான் நினைத்தேன். மனச்சுமையை இறக்குகிறேன் பேர்வழி என்று சாகக் கிடக்கிறவள் தலையில் கொண்டுபோய் வைத்தேனே என்று என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளாத குறை. பத்தாம் நாள் காலையில் போன் வந்தது. "பாரிவாக்கம் ஸ்கூலுக்கு சிங்கம் எட்டுன்னு எழுதியிருக்கு, பதினெட்டான்னு கேட்டுச் சொல்லு." அவ்வளவுதான். கேட்டுச் சொன்னேன். பதினெட்டுதான்.

அன்று மாலையிலிருந்து கடைசி வரைக்கும் தினமும் போனேன். கஞ்சி கொடுத்தேன், கால் பிடித்துவிட்டேன், வேலை பேசினோம். அந்த விஷயத்தை அவள் ஒரே ஒரு முறைதான் எடுத்தாள். நான் போர்வையை இழுத்துவிடும்போது, "நா மறக்கல விஜி. வேல கெடக்குது, அதான் பேசறேன்" என்றாள். "தெரியும்" என்றேன். யூனிட் பொறுப்பை உன்னிடம்தான் விடுகிறேன் என்று ரவி முன்னால் அவள் சொன்னதும் அதே வாரத்தில்தான். ஏன் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவளும் சொல்லவில்லை.

நீங்கள் ஒவ்வொருவரும் அவளிடமிருந்து எதையாவது வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். செல்வி அவளுடைய கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டாள். பிரியா அம்மாவின் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். நான் எதை வைத்துக்கொண்டேன் என்பதைப் போன வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொன்னால்தான் புரியும்.

ஆண்டுவிழா உடைகள் மறுநாள் போக வேண்டும். துக்கத்தில் நான்கு நாள் வேலை நின்றிருந்தது, பாதி உடைக்குப் பொத்தான்கூடத் தைக்கவில்லை. பதினொரு மணிக்குப் பவானிக்குப் பள்ளியிலிருந்து போன். அவள் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. வங்கி வேலையை விட்டு வந்தவள். மகனுக்குக் காய்ச்சல், வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்கிறார்கள். அவள் எழுந்து என்னைப் பார்த்தாள். "இன்னைக்கேவா?" என்று கேட்டுவிட்டேன். ஒரே ஒரு வார்த்தை. பவானி மறுபடி உட்கார்ந்து ஊசியை எடுத்தாள். அறையில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அந்த நொடியில் எனக்கு ஹேமாவின் முகம்தான் வந்தது. சிரிக்கிற முகம் இல்லை. "இப்பப் போ" என்று சொன்ன முகம். எழுந்து போய்ப் பவானியின் கையிலிருந்த ஊசியை வாங்கினேன். அவள் பையை எடுத்துக் கொடுத்து, "நா கேட்டது தப்பும்மா. கெளம்பு" என்றேன். படியிறங்கும் வரை அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். அவள் விட்ட உடையை நான் தைத்தேன். சில உடைகள் ஒரு நாள் தாமதமாகப் போயின, பள்ளியில் திட்டினார்கள், வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இறந்தவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் கடைசியில் அவர் எல்லோரையும் மன்னித்தார் என்று எழுதுவார்கள். ஹேமா என்னை மன்னிக்கவில்லை. மன்னிக்காமலே என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள், வேலையையும் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அந்தக் கோபத்தைத்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். போகும்போது அவள் அதைத் துடைத்துவிட்டுப் போயிருந்தால், அன்றைக்குப் பவானி உட்கார்ந்தே இருந்திருப்பாள்.